ஹாரன் மேல் பழி போடும் முன்

பழைய காரின் ஹாரன் கம்மிப்போனால் பெரும்பாலானோர் நேராக உதிரிபாகக் கடைக்குத்தான் போகிறார்கள். புது ஹாரன் ஒன்றை வாங்கி, பழையதைக் கழற்றிய அதே போல்ட்டில் மாட்டி, அதே இரண்டு வயரைச் செருகி, ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு கிளம்புகிறார்கள். சில கார்களில் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் பல கார்களில் புது ஹாரன் ஆரம்பத்திலேயே அரைக்குரலில்தான் ஒலிக்கும். அல்லது இரண்டு மழைக்குப் பிறகு பழையதைப் போலவே முனகத் தொடங்கும். அப்போது பழி ஹாரனைச் செய்த கம்பெனியின் மேல் விழுகிறது. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் உற்பத்தி நின்றவை. பிரீமியர் பத்மினி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நின்றது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டிகளில் ஆகப் புதியதன் வயரிங்குக்கே பத்து வயதுக்கு மேல் ஆகிறது. பலவற்றின் வயரிங் முப்பது, நாற்பது ஆண்டு வெயிலையும் எஞ்சின் சூட்டையும் பார்த்துவிட்டது. ஹாரனோ அந்த வயரிங்கின் கடைசி முனையில் உட்கார்ந்திருக்கிறது. வழியில் நடக்கும் எல்லாக் கசிவுகளின் விளைவும் அதன் குரலில்தான் தெரியும். ஆகவே கம்மிய ஹாரனை முதலில் வயரிங்கின் நோய்க்கு அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும், ஹாரனை மாற்றுவது அந்த வேலையின் கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்பதும்தான் நான் சொல்ல வருவது.

இதற்கான காரணம் ஹாரனுக்குள்ளேயே இருக்கிறது. தட்டு ஹாரனின் உள்ளே ஒரு காயில், அதன் நடுவே இரும்பு மையம், எதிரே மெல்லிய எஃகு டயாஃப்ரத்தில் பொருத்திய ஆர்மேச்சர், இவற்றோடு ஒரு ஜோடி பாயின்ட். பட்டனை அழுத்தியதும் காயில் காந்தமாகி ஆர்மேச்சரை இழுக்கிறது. இழுபடும் ஆர்மேச்சரே பாயின்ட்டைப் பிரித்துவிடுகிறது. மின்சாரம் அறுந்ததும் டயாஃப்ரம் தன் நிலைக்குத் திரும்புகிறது. பாயின்ட் மறுபடி சேர்கிறது. இது வினாடிக்கு முந்நூற்றைம்பது, நானூறு முறை நடக்கிறது. ஆனால் தெருவில் நம் காதைத் துளைப்பது இந்த அடிப்படை ஒலி மட்டும் அன்று. ஒவ்வொரு அடியிலும் ஆர்மேச்சர் இரும்பு மையத்தில் போய் மோதுகிறது. அந்த மோதலில் டயாஃப்ரத்தின் மேல் பொருத்திய இன்னொரு தட்டு அதிர்ந்து, ஏறக்குறைய 2,000 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரையிலான கூர்மையான ஒலியை எழுப்புகிறது. மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்கும் பகுதி அது. காயிலின் இழுவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. பன்னிரண்டரை வோல்ட் வர வேண்டிய இடத்தில் பத்து வோல்ட் வந்தால் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இழுவிசையோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆர்மேச்சர் மையத்தைத் தொடாமலே திரும்பும். ஹாரன் ஒலிக்கத்தான் செய்யும். ஆனால் கூர்மை போய், மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இந்தக் கம்மலைத்தான் ‘ஹாரன் போயிடுச்சு’ என்கிறோம். தொய்ந்த பறைக்கு யாரும் உடனே புதுத்தோல் தேடுவதில்லை. தீயில் காய்ச்சித்தான் பார்ப்பார்கள். ஹாரனுக்கும் முதலில் தர வேண்டியது அதற்குரிய வோல்ட்டைத்தான்.

அந்த இரண்டரை வோல்ட் எங்கே போகிறது? அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஹாரனுக்கென்று ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச், கிடையாது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டி, அங்கிருந்து முன்பக்கம் ஹாரனுக்கு, ஹாரனிலிருந்து திரும்ப ஸ்டீயரிங் கம்பம் வழியாக ஏறிப் பட்டனுக்கு, பட்டனை அழுத்தினால் எர்த் என்று மொத்த மின்னோட்டமும் காரின் முன்பாதியைச் சுற்றிவர வேண்டும். போக வர ஆறு மீட்டர் வயர் என்றும், அது முக்கால் சதுர மில்லிமீட்டர் வயர் என்றும் வைத்துக்கொள்வோம். செம்பின் தடை மீட்டருக்கு 0.023 ஓம் வீதம் மொத்தம் 0.14 ஓம். நாலு ஆம்பியர் இழுக்கும் ஒற்றை ஹாரனுக்கு இதில் அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகப் போகும். எட்டு ஆம்பியர் இழுக்கும் ஜோடி ஹாரனுக்கு ஒரு வோல்ட்டைத் தாண்டும். இது வயர் புதிதாக இருக்கும்போது உள்ள கணக்கு. பழைய வண்டியில் இதோடு இணைப்புகளும் சேரும்: ஃபியூஸைக் கவ்வும் கிளிப்பில் கறுப்பு, லக் பதிந்த இடத்தில் பச்சைக் களிம்பு, ஸ்டீயரிங்கோடு சுழலும் பித்தளை வளையத்தில் அழுக்கு, அதைத் தொட்டுநிற்கும் ஸ்பிரிங் முனையில் தேய்மானம், பட்டனுக்கு அடியில் கருகிய பாயின்ட். ஒவ்வொன்றும் 0.05 ஓம் தடை தந்தால்கூட, ஐந்து இடங்களில் கால் ஓம். எட்டு ஆம்பியருக்கு அது மட்டுமே இரண்டு வோல்ட். எர்த்தின் கதை இன்னும் மோசம். சில ஹாரன்களுக்கு அவற்றைத் தாங்கும் பட்டையே எர்த். அந்தப் பட்டை ரேடியேட்டர் அருகே, மழைநீரும் சேறும் தெறிக்கும் இடத்தில், பெயின்ட் பூசிய தகட்டின் மேல் முடுக்கப்பட்டிருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்தால் போல்ட்டுக்கு அடியில் துரு படர வெகுகாலம் வேண்டாம். புது ஹாரனை அந்தத் துருவின் மேலேயே முடுக்கினால் நோயை அப்படியே விட்டுவிட்டு ஆளை மட்டும் மாற்றியதாகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் அளக்கும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹாரனின் வயரைக் கழற்றி மீட்டரின் முனையை வைத்துப் பார்த்தால் பேட்டரியின் முழு வோல்ட்டும் காட்டும். ‘கரண்ட் சரியாத்தான் வருது, ஹாரன்தான் போச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மின்னோட்டம் ஓடாதபோது தடையில் வோல்ட் இழப்பே கிடையாது. ஓர் இழையில் தொங்கும் வயர்கூட அப்போது முழு வோல்ட்டைக் காட்டும். ஆகவே வயர்கள் மாட்டியபடியே இருக்க, ஒருவர் பட்டனை அழுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அதன் இரு முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும். அதே நேரத்தில் பேட்டரியின் முனைகளில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங்கை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் பாசிட்டிவ் பக்கத்தில் போகிறதா, எர்த் பக்கத்தில் போகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவுக்கும் ஹாரனின் பாசிட்டிவுக்கும் இடையே மீட்டரை வைத்து அடித்தால் அந்தப் பக்கத்து இழப்பு நேரடியாகத் தெரியும். மறுபக்கத்துக்கும் இதே வழிதான். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் சுழல் வளையத்தைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது கணீரென்றும் நிறுத்தினால் கம்மியும் ஒலித்தால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய டைனமோ வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறாது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஹாரன் முனகினால் அதுவும் ஒரு காரணம். கடைசியாக, நல்ல கனமான இரண்டு வயர்களால், நடுவே ஒரு ஃபியூஸோடு, பேட்டரியிலிருந்து நேராக ஹாரனுக்கு இணைத்துப் பார்த்தால் வழக்கு முடிந்துவிடும். நேர் இணைப்பில் கணீரென்று ஒலிக்கும் ஹாரனை மாற்றத் தேவையே இல்லை. அப்போது முகத்தை ஹாரனுக்கு நேரே வைக்காதீர்கள். காதில் பஞ்சு இருப்பது நல்லது.

நேர் இணைப்பிலும் கம்மினால் கோளாறு ஹாரனில்தான். அப்போதும் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. பல ஹாரன்களின் பின்புறம் ஒரு சிறு திருகு, பெயின்ட் பொட்டு வைத்து மூடியபடி இருக்கும். பாயின்ட் எப்போது பிரிய வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் தீப்பொறி பட்டுப் பாயின்ட் தேய்ந்ததும் அந்த அளவு மாறிவிடுகிறது. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, அடித்துப் பார்த்து, மறுபடி திருகினால் பழைய குரல் திரும்புவது உண்டு. ஆனால் சத்தத்தை மட்டும் கேட்டுத் திருகுவது ஆபத்து. சத்தம் கூடுவதுபோல் தோன்றும் திசையில் மின்னோட்டமும் கூடிக்கொண்டே போகலாம். பாயின்ட் அதிக நேரம் ஒட்டியிருந்து காயில் சூடேறும். ஹாரன் உடலில் ஆம்பியர் அச்சிட்டிருந்தால் அதைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். பழைய காலத்து மூடி திறக்கும் ஹாரனாக இருந்தால் பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். பின்னாளில் வந்தவற்றில் ரிவெட் அடித்திருக்கும். அவற்றைப் பிரித்தால் நீர் புகாமல் காக்கும் அடைப்பு போய்விடும். டயாஃப்ரம் துருப்பிடித்து வெடித்திருந்தாலோ, மேல்தட்டு தளர்ந்து கரகரத்தாலோ, காயில் கருகிய வாடை வந்தாலோ, மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஹாரனும் தேயும் பொருள்தான் என்பதை நான் மறுக்கவில்லை. தேய்ந்தது அதுதான் என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகே அதைக் கழற்றுங்கள் என்கிறேன்.

இதற்கு எதிராக உடனே எழும் வாதம் செலவுக் கணக்கு. ஹாரன் விலை சில நூறு ரூபாய்தான். அதற்காக மீட்டரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவானேன், புதிதை மாட்டிப் பார்ப்பதே சுலபமான சோதனை அல்லவா என்பார்கள். புது ஹாரன் பழையதன் அதே வகையாக, அதே ஆம்பியர் இழுப்பதாக இருந்தால் இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கம்மிய ஹாரனை மாற்றுகிறவர் அதே வகையை வாங்குவது அபூர்வம். நல்ல சத்தம் வேண்டும் என்று சங்கு வடிவ ஜோடி ஹாரனைக் கேட்டு வாங்குவார். ஒற்றைத் தட்டு ஹாரனுக்கு நாலு ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருந்த வயரிங் இப்போது எட்டு, பத்து ஆம்பியர் கொடுக்க வேண்டும். தடை மாறவில்லை, மின்னோட்டம் இரட்டித்ததால் வோல்ட் இழப்பும் இரட்டிப்பு. விலை உயர்ந்த ஹாரன் பழையதைவிடக் குறைந்த வோல்ட்டில் ஒலிக்கும். அதைவிட மோசமானது, அந்த மின்னோட்டம் முழுவதும் பட்டனுக்கு அடியில் இருக்கும் சிறு பாயின்ட்டின் வழியாகத்தான் போகிறது. ஏற்கெனவே கருகியிருக்கும் அது மேலும் கருகும். ஒருநாள் ஒட்டிக்கொண்டு, பட்டனை விட்ட பிறகும் ஹாரன் நிற்காமல் அலறும். பழைய மாடல்களின் ஸ்டீயரிங் பட்டன் இன்று எளிதில் கிடைக்கும் பொருளும் அன்று. சில நூறு ரூபாய்ச் சோதனை இப்படித்தான் பெரிய செலவில் போய் முடிகிறது.

வயரிங்கைச் சீர்செய்வதில் முதல் வேலை சுத்தம்: லக்குகளைத் தேய்த்து மின்ன வைப்பது, எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று இரும்பில் முடுக்கி மேலே கிரீஸ் தடவுவது, சுழல் வளையத்தைத் துடைப்பது. ஏர்பேக் உள்ள கார் என்றால் ஸ்டீயரிங்கில் கை வைக்காமல் அதை அறிந்தவரிடம் விட்டுவிட வேண்டும். இரண்டாவது வேலை ரிலே. நாலு முனை ரிலேயில் 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர். 87-லிருந்து ஹாரன்களுக்கு அதே கனத்தில் வயர். முன்பு ஹாரனுக்கு வந்துகொண்டிருந்த பழைய இரண்டு வயர்களும் 85, 86 முனைகளுக்கு. ஹாரனின் மறுமுனைக்குத் தனி எர்த். ரிலேயின் காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. ஆகவே பழைய வயரும் பட்டனும் கொஞ்சம் தடையோடு இருந்தாலும் கவலையில்லை. இரண்டு மீட்டர் புது வயரில் எட்டு ஆம்பியருக்கு இழப்பு ஏறக்குறைய 0.1 வோல்ட்தான். ஃபியூஸைப் பேட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். அதற்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். காயிலும் பாயின்ட்டும் உள்ள ஹாரனுக்கு எந்த முனை எங்கே என்பது பொருட்டில்லை. எலக்ட்ரானிக் ஹாரனும், காயிலுக்குக் குறுக்கே டயோடு வைத்த ரிலேயும் மாற்றிக் கொடுத்தால் கெட்டுவிடும். வாங்கும் முன் பார்க்க வேண்டும்.

பழைய கார் ஆர்வலர்கள் ரிலேயை ஏற்பதில்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே வைத்திருப்பதில்தான் அந்தக் காரின் மதிப்பு. அன்று ரிலே இல்லாமலே ஒலித்த ஹாரனுக்கு இன்று எதற்கு என்று கேட்பார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. அன்று ஒலித்தது உண்மை. அன்று அந்த வயரும் பித்தளை வளையமும் புதிதாக இருந்தன. முழு வயரிங்கையும் பழைய அளவிலேயே புதிதாகப் போட முடிந்தவருக்கு ரிலே தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது முடியாதவருக்கு, பழைய வயர் ஒன்றையும் வெட்டாமல், பம்பருக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்த ரிலே, தேவைப்பட்டால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடக் கூடியது. மூலப் பட்டனைக் கருகாமல் காப்பாற்றுவதும் அதே ரிலேதான். அசலைப் பேண வேண்டும் என்கிறவர்கள் உண்மையில் அதை வரவேற்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஹாரன் மாற்றத்தான் வேண்டும் என்றால், எதை வாங்குவது என்பதும் அளவுக்கு உட்பட்ட விஷயம்தான். கோயம்புத்தூர் ரூட்ஸ் முதலான தயாரிப்பாளர்களின் ஹாரன்கள் ஊருக்கு ஊர் கிடைக்கின்றன. தாழ்ந்த சுருதியும் உயர்ந்த சுருதியும் சேர்ந்த ஜோடி, ஒற்றை ஹாரனைவிடத் தெருச் சத்தத்தில் தனித்துக் கேட்கும். ஹாரனோடு வரும் அடுக்குப் பட்டையை விட்டுவிட்டுக் கையில் கிடைத்த தடித்த இரும்பில் முடுக்கக் கூடாது. ஹாரன் துள்ளுவதற்கு இடம் தருவது அந்த மெல்லிய பட்டைதான். ஹாரனின் விளிம்பு கிரில்லையோ பாடியையோ தொட்டால் பாதி ஒலி அங்கேயே செத்துவிடும். வாய் முன்னோக்கியும் சற்றுக் கீழ்நோக்கியும் இருந்தால் மழைநீர் தேங்காது. மாட்டுவதே மாட்டுகிறோம், ஏர் ஹாரனே வைத்துவிட்டால் வோல்ட் தொல்லையே இல்லையே என்று நினைப்பவர்களும் உண்டு. ஏர் ஹாரனின் கம்ப்ரசரும் இதே வயரிங்கிலிருந்துதான், அதுவும் கூடுதலாக, மின்சாரம் இழுக்கும். சட்டமும் இடம் கொடுக்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, அடுத்தடுத்துப் பல சுருதிகள் எழுப்பும் ஹாரனையும், அளவுக்கு மீறிக் கடுமையாகவோ, கீச்சென்றோ, அதிரவைக்கும்படியோ ஒலிக்கும் கருவியையும் தடுக்கிறது. ஐ.நா.வின் 28-ஆம் எண் ஒழுங்குமுறை காரின் ஹாரனுக்கு முன்னே 7 மீட்டரில் குறைந்தது 93, அதிகபட்சம் 112 டெசிபல் என்று வரம்பு வைக்கிறது. உரிய வோல்ட் கிடைக்கும் சாதாரண ஹாரன் இந்த வரம்புக்குள் தாராளமாக நின்றுவிடும்.

கடைசியாக ஒரு மறுப்பு, நம் ஊர்ச் சாலைகளை அறிந்தவர்களிடமிருந்து வருவது. ஏற்கெனவே காது கிழிகிறது. ஒரு காரின் ஹாரன் கம்மியிருந்தால் ஊருக்கு நல்லதுதானே? அவர்கள் படும் அவதி உண்மை. தேவையில்லாமலோ தொடர்ந்தோ ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாயும் அடுத்தடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 194எஃப் பிரிவு சேர்ந்ததும் அதனால்தான். ஆனால் இரைச்சலைக் கூட்டுவது பட்டனில் ஊன்றிய கை. குறுந்தட்டல் ஒன்றில் கேட்கும் ஹாரனை வைத்திருப்பவர் ஒருமுறை தட்டிவிட்டு நிறுத்தலாம்; முனகும் ஹாரனை வைத்திருப்பவர் எதிரில் இருப்பவர் திரும்பும் வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தவிர, திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறைந்தால் அதே உரப்பில் கேட்கும் தூரம் பாதியாகிறது. மலைப்பாதை வளைவில், சந்திலிருந்து ஓடிவரும் குழந்தைக்கு முன்னால், அந்தப் பாதித் தூரம் கைவசம் இருக்க வேண்டும். குறைவாக அடிப்பதற்கும் நன்றாக ஒலிக்கும் ஹாரன்தான் வேண்டும்.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இது. ஹாரன் கம்மினால் முதலில் பேட்டரி முனைகளையும் ஹாரன் எர்த்தையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் முனைகளில் வோல்ட்டை அளந்து பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் ‘ஹாரனை மாத்துங்க’ என்று சொல்வதற்குப் பதில் ‘ஹாரனுக்கு எத்தனை வோல்ட் வருது, பாருங்க’ என்று கேளுங்கள். இழப்பு ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பணத்தை வயருக்கும் ரிலேவுக்கும் செலவிடுங்கள். பதினொன்றரை வோல்ட்டுக்கு மேல் கிடைத்தும் கம்முகிற ஹாரனை மட்டும் மாற்றுங்கள்.